நிறம் கேட்ட காலமும் ஈரம் கேட்கும் காலமும்

எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டு நடுத்தர வீட்டில் முகத்துக்கென்று ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் கண்ணாடி, அதன்கீழ் ஒரு மரப்பலகை. பலகையில் பவுடர் டப்பா, சாந்துப் புட்டி, சீப்பு, தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். கொஞ்சம் வசதி இருந்தால் கூடவே ஒரு ஸ்நோ. அந்த ஸ்நோவைக் கல்லூரிக்குப் போகும் அண்ணனும் பூசினார், கல்யாணத்துக்குக் கிளம்பும் அத்தையும் பூசினார், ஊரிலிருந்து வந்த சித்தியும் விரலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். யாருக்கு எண்ணெய் வழியும் முகம், யாருக்குக் காய்ந்த முகம் என்ற பேச்சே இல்லை. கடைக்காரரும் கேட்டதில்லை. "ஒரு ஸ்நோ குடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார்.

இன்று அதே குடும்பத்தின் குளியலறை அலமாரியில் ஆளுக்கொரு புட்டி. பரு வரும் மகளுக்கு இளகிய ஜெல். குளிர்சாதன அலுவலகத்தில் நாள் முழுக்க உட்காரும் மகனுக்கு லோஷன். ஐம்பதைக் கடந்த அம்மாவுக்கு செரமைடு சேர்த்த க்ரீம். "அம்மா, இது ஆயிலி ஸ்கின்னுக்கு, உனக்கு ஆகாது" என்று மகள் சொல்கிறாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் படிக்கிறார். இதை ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புட்டிகள் பெருகியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இதற்குள் இருக்கிறது. அன்று முகத்தைப் பார்த்து நாம் கேட்ட கேள்வி நிறத்தைப் பற்றியது. இன்று ஈரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். அதற்காக மனதார மகிழ்கிறேன். வந்த வழியில் சில நல்ல பழக்கங்களைத் தொலைத்தோம், சிலர் முகத்தையே கெடுத்துக்கொண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்நோவிலிருந்து தொடங்கலாம். அடிப்படையில் அது ஸ்டியரிக் அமிலமும் தண்ணீரும். அமிலத்தில் ஒரு பங்கைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்கி, அந்தச் சோப்பின் துணையோடு மீதி அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நிறுத்துவார்கள். முகத்தில் தேய்த்ததும் தண்ணீர் ஆவியாகும்; பிசுபிசுப்பில்லாத மெல்லிய படலம் மட்டும் தங்கும். பவுடர் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பரோஸ் வெல்கம் நிறுவனம் ஹேஸ்லின் ஸ்நோவை 1892இல் கொண்டுவந்தது. பம்பாயில் இ.எஸ். பட்டன்வாலா 1919இல் ஆப்கன் ஸ்நோவைத் தொடங்கினார். பாண்ட்ஸ் நிறுவனமோ பகலுக்கு வேனிஷிங் க்ரீம், இரவுக்குக் கோல்டு க்ரீம் என்று இரண்டையும் ஜோடியாக விற்றது. நம் வீடுகளுக்கு அந்த ஜோடி முழுசாக வந்து சேரவில்லை. பகல் க்ரீம் ஆண்டு முழுக்க இருந்தது. கோல்டு க்ரீம் மார்கழியில் உதடு வெடித்தால் வாங்குவது, தை பிறந்ததும் மூடி வைப்பது.

பவுடர் நிற்க ஒரு தளம், முகத்துக்கு ஒரு வாசனை: ஸ்நோ தந்தது அவ்வளவுதான். வறண்ட தோலுக்கு அதனால் பெரிய உதவி இல்லை. எண்ணெய் வழியும் முகத்துக்கு ஓரளவு பொருந்தியது. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பிசுக்கில்லாத பூச்சு பிடித்துப்போனதில் வியப்பும் இல்லை. ஆனால் வறண்ட தோல் உள்ளவர்கள் ஸ்நோவும் பவுடரும் பூசி, மதியத்துக்குள் மூக்கோரமும் வாயோரமும் வெள்ளை பூத்து நின்றார்கள். அது தன் முகத்தின் குறை என்றே அவர்கள் நினைத்தார்கள்.

ஸ்நோவுக்கும் முந்தைய வழக்கங்கள் இதைவிட விவரமானவை. செவ்வாய், வெள்ளியில் பெண்களுக்கும் புதன், சனியில் ஆண்களுக்கும் எண்ணெய்க் குளியல். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சீயக்காயும் பயத்தம் மாவும் போட்டு எடுப்பார்கள். மாவு எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், முழுவதையும் எடுத்துவிடாது. தோலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று மிஞ்சும். குளித்த ஈரம் காய்வதற்குள் அந்தப் பூச்சு மேலே மூடிவிடுகிறது. ஈரத் தோலின் மேல் எண்ணெய்ப் பசை இருக்க வேண்டும் என்று இன்றைய தோல் மருத்துவர் சொல்வதும் இதே வரிசைதான். முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள். நலங்கு மாவில் பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போக அரிசி.

கார்போக அரிசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இந்தச் சிறு கறுப்பு விதையிலிருந்து 1966இல் இந்திய வேதியியலாளர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வடமொழியில் விதைக்கு வழங்கும் பெயரை ஒட்டி அதற்கு பாகுச்சியோல் என்று பெயர். சுருக்கம் குறைக்கும் பொருளாக, ரெட்டினாலுக்கு மாற்றாக, இன்று விலை உயர்ந்த சீரங்களில் அதைப் பார்க்கலாம். அதே விதையில் சோரலென் என்ற இன்னொரு பொருளும் உண்டு. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து, கொப்புளித்து, கறுத்துப்போகும். வெண்படைக்குச் சித்த மருத்துவம் இந்த விதையைப் பயன்படுத்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆகவே பாட்டி காலத்துப் பொடி என்பதாலேயே யார் முகத்துக்கும் அது பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. முகத்தில் பொடி பூசி எரிச்சல் வந்தால், "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது.

தேங்காய் எண்ணெயும் அப்படியே. கை கால் வறட்சிக்கு அருமையானது. மினரல் ஆயிலோடு ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவ ஆய்வுகளிலும் நன்றாகவே நின்றிருக்கிறது. ஆனால் பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கும். தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. தேமல் உள்ள முகத்தில் எண்ணெய் பூசுவது அதற்குச் சோறு போடும் வேலை. அன்றைய வீடு பருவத்தை அறிந்திருந்தது, உடல்சூட்டை அறிந்திருந்தது. ஒரே வீட்டில் அக்காவின் முகமும் தங்கையின் முகமும் வேறு வேறு என்பதைத்தான் அது கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு வந்த மாற்றங்கள் எல்லாமே தோலிலிருந்து ஈரத்தைப் பறிப்பவை. முதலில் சோப்பு. நலங்கு மாவு இருந்த இடத்தில் தினம் இரண்டு வேளை சோப்பு வந்து உட்கார்ந்தது. நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான புளிப்புத் தன்மை கொண்டது, பி.எச். அளவில் ஏறக்குறைய 5. சாதாரண சோப்பின் அளவு 9, 10. ஒவ்வொரு கழுவலிலும் தோலின் கொழுப்பு கொஞ்சம் கரைந்து போகும். அடுத்தது தண்ணீர். ஆற்றிலும் குளத்திலும் குளித்தவர்கள் புறநகர் வீடுகளின் போர் தண்ணீருக்கு மாறினார்கள். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து தோலிலேயே தங்கிவிடும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுவோம். சென்னையில் தாம்பரம் பக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் குடியேறிய பலர் "இங்க வந்ததுலேர்ந்து முகம் இழுத்துப் பிடிக்குது" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மூன்றாவது, குளிர்சாதனம். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. வெளியே கடற்காற்றில் நசநசக்கும் ஈரம். உள்ளே காய்ந்த குளிர். ஏசி எந்திரத்தின் பின்குழாயில் இடைவிடாமல் தண்ணீர் சொட்டுகிறதே, அது அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். ஒன்பது மணி நேரம் அந்தக் காற்றில் உட்கார்ந்தால் தோலும் தன் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வேர்க்கும் ஊரில் முகத்துக்கு எதற்கு லோஷன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நாம் ஊரின் காற்றில் வாழ்வதைக் குறைத்துக்கொண்டோம்.

ஈரம் போனதற்கு மருந்து தேட வேண்டிய காலத்தில் கடையில் நமக்குக் கிடைத்தது வேறொன்று. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் முன்னின்று வளர்த்த சாஷே வணிகம், கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணனின் யோசனையில் பிறந்து, அவர் குடும்பத்தாரின் சிக் ஷாம்பு வழியாக எண்பதுகளில் கிராமம் கிராமமாகப் போனது. முகக் க்ரீமும் அந்தச் சின்னப் பாக்கெட்டில் ஏறிக்கொண்டது. பெட்டிக்கடைக் கம்பியில் சரம் சரமாகத் தொங்கியது. கையிலிருக்கும் சில்லறைக்கு ஒரு பெண் தனக்கென்று ஒன்றை வாங்க முடிந்தது நல்ல விஷயம். அப்படி வாங்கியதன் உள்ளே இருந்த செய்தி கொடியது: உன் நிறத்தில் நீ குறைந்தவள்.

மணமகள் தேவை விளம்பரங்களில் "சிவந்த நிறம்" என்று அச்சடித்த சமூகம் நம்முடையது. க்ரீம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு விலை வைத்தது. விளம்பரத்தில் கறுத்த பெண் வேலை கிடைக்காமல் தலைகுனிந்து நிற்பாள், க்ரீம் பூசிய பிறகு நிமிர்வாள். எத்தனை வீடுகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கறுப்பும் அழகே என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபோது நாடே பேசியது. 2014இல் விளம்பரத் தர மன்றம் நிறத்தை வைத்து ஆட்களைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறை வகுத்தது. 2020இல் அந்தக் க்ரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. நிறவெறி ஒரு பெயர் மாற்றத்தில் போய்விடாது என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சொல் பெட்டியின் மேலிருந்து இறங்க வேண்டியிருந்தது, இறங்கியது.

இதில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்த செய்தி, அந்தக் க்ரீமின் முக்கியப் பொருள். பெயர் நியாசினமைடு, வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். நிறமி மேல் செல்களுக்கு இடம் மாறுவதை அது கொஞ்சம் தடுக்கும் என்பதால் வெளுப்புக்கென்று விற்றார்கள். அதே பொருள் தோல் தன் செரமைடு என்ற கொழுப்புகளைக் கூடுதலாக உண்டாக்கத் துணைசெய்கிறது, ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது, எண்ணெய் வழிவதையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. இன்று எண்ணெய்ச் சருமத்துக்கான லோஷன்களில் அதைத் தேடி வாங்குகிறார்கள். மூலக்கூறு மாறவில்லை. அதனிடம் நாம் கேட்பது மாறியிருக்கிறது.

நிற ஆசை இன்னும் மோசமான இடங்களுக்கும் இழுத்துப்போனது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைத்த பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளை முகக் க்ரீமாகவே பூசினார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய்க் கோடுகள் தெரியும், பருவும் பூனைமுடியும் கிளம்பும்; நிறுத்தினால் முகமே தீப்பற்றியதுபோல் எரியும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்குத் தனிப்பெயரே வைத்து, ஆண்டுக்கணக்கில் எச்சரித்தார்கள். 2018இல் அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய 'எச்' பட்டியலில் சேர்த்தது. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த வெளுப்புக் க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத க்ரீமை, யார் பரிசாகக் கொடுத்தாலும், முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, ஈரம் என்றால் என்ன? 1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் காய்த்துப்போன தோல் துண்டுகளை எடுத்துச் சோதித்தார். காய்ந்த துண்டை எண்ணெயில் ஊறப்போட்டால் அது விறைப்பாகவே இருந்தது. தண்ணீர் ஏறிய துண்டுதான் வளைந்தது. தோலை மிருதுவாக்குவது தண்ணீர். எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீரைப் போகவிடாமல் காப்பது. இன்றைய லோஷன் எல்லாமே இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் செங்கல் வரிசை என்றால், இடையில் உள்ள செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் அதன் சாந்து. சாந்து கரைந்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தும் தங்காது. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தும் முகம் காய்ந்தே இருக்கிறது என்று சொல்பவர்களுக்குக் காரணம் இங்கே இருக்கிறது.

லோஷனுக்குள் மூன்று வகை ஆட்கள் வேலை செய்கிறார்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பவை ஒரு வகை: கிளிசரின், யூரியா, ஹயலூரானிக் அமிலம். சொரசொரப்பை நிரப்பி வழவழப்பாக்குபவை இன்னொன்று: ஸ்குவாலேன், சில தாவர எண்ணெய்கள், செரமைடு. மேலே மூடிபோட்டு நிற்பவை மூன்றாவது: வாசலின் எனப்படும் பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன், மெழுகு. மூடிபோடுவதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது இன்றும் இல்லை. எந்த முகத்துக்கு எது எவ்வளவு என்பதுதான் தேர்வு.

எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், இயல்பானது, கலப்பு என்ற பிரிவினை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெலனா ரூபின்ஸ்டைன் தன் அழகுக் கடைகளுக்காகப் பரப்பியது. அதைக் கண்டுபிடிக்க எந்திரம் வேண்டாம். மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். முகம் முழுக்க மினுக்கினால் எண்ணெய். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுக்கிக் கன்னம் சும்மா இருந்தால் கலப்பு. சிரித்தால் கன்னம் இழுத்துப் பிடித்தால், வாயோரம் வெள்ளை பூத்தால் வறட்சி. எரிச்சலும் சிவப்பும் வந்தால் அது எளிதில் புண்படும் தோல். அதற்கு வேறு கணக்கு.

இவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, எண்ணெய் வழிந்துகொண்டே காய்ந்தும் இருக்கும் முகம். நம் ஊரில் இது நிறைய. எண்ணெய் என்பது சுரப்பி தருவது, ஈரம் என்பது மேலடுக்கில் தங்குவது. ஒன்று மிகுந்து மற்றது குறைந்திருக்கலாம். இவர்கள் வழிகிறதே என்று தினம் நான்கைந்து முறை சோப்புப் போட்டுக் கழுவுவார்கள், பிறகு லோஷன் பக்கமே போகமாட்டார்கள். முகம் மினுக்கும், அதேசமயம் எரியும், பருவும் அடங்காது. கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இப்படித்தான் தவிக்கிறார்கள். இவர்கள் கழுவுவதை இரண்டு முறையாகக் குறைத்து, கிளிசரினும் நியாசினமைடும் உள்ள, எண்ணெய் கனக்காத ஜெல் அல்லது மெல்லிய லோஷனைக் கொஞ்சமாகப் பூசினால் போதும். பருவுக்கு அடபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்து போடுபவர்களுக்கு லோஷன் இன்னும் அவசியம். அந்த மருந்துகள் தோலைக் காயவைக்கும், காய்ந்ததும் பலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள்.

வறண்ட முகத்துக்கு ஜெல் காணாது. செரமைடு, ஷியா வெண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை சேர்ந்த க்ரீம் வேண்டும். கலப்பு முகத்துக்கு இரண்டு புட்டி வாங்கத் தேவையில்லை. ஒரு மெல்லிய லோஷனை எங்கும் பூசி, கன்னத்தில் மட்டும் இன்னொரு தடவை பூசலாம். புண்படும் தோலுக்கு நான் முதலில் பார்ப்பது வாசனை. பெட்டியில் 'ஃப்ராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்று இருந்தால் வைத்துவிடலாம். மூலிகை எண்ணெய்களின் நறுமணமும் ஒவ்வாமை தரக்கூடியதே. இதை வலியுறுத்துவதற்குக் காரணம் நம் தோல். நம்மைப்போன்ற மாநிற, கறுப்புத் தோலில் சின்ன எரிச்சல்கூட ஆறிய பின் கறுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். புட்டியின் மேல் அது எழுதியிருக்காது. நாகப்பட்டினத்தின் கடற்காற்றில் கிளிசரின் லோஷன் ஒன்றே போதும், க்ரீம் பூசினால் கசகசக்கும். அதே ஆள் ஊட்டியில் வேலைக்குச் சேர்ந்தால், அல்லது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கோவையில் இருந்தால், அது காணாது. ஏசி அறையில் ஹயலூரானிக் அமில சீரம் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பிடித்த ஈரமும் காற்றோடு போகும். அதன்மேல் ஒரு லோஷன் மூடியாக வேண்டும். எங்கே இருந்தாலும் முகம் கழுவித் துண்டால் ஒற்றியதும், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூசுங்கள். பகலில் அதற்குமேல் சன்ஸ்கிரீன். மங்கு உள்ளவர்களுக்கு சன்ஸ்கிரீனைத் தவிர்த்துவிட்டு வேறு எது பூசியும் பயனில்லை.

விலையைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. கிளிசரின் மலிவானது, நூற்றாண்டு கடந்த அனுபவம் உள்ளது, இன்றும் முதல் வரிசையில் நிற்பது. ஹயலூரானிக் அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது நல்ல பொருள்தான், ஆனால் கிளிசரினை வீட்டைவிட்டு விரட்டும் அளவுக்கு மேலானதல்ல. இங்கே 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்குமேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். தண்ணீருக்கு அடுத்து கிளிசரின் வருகிறதா, முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட குங்குமப்பூ பட்டியலின் கடைசியில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் எளிமையான வாசனையில்லாத லோஷன், பல நேரம் அழகான புட்டியில் வரும் நான்கு மடங்கு விலைப் பொருளைவிட நன்றாக வேலை செய்யும்.

ஆண்கள் இப்போது இந்தப் பக்கம் வந்திருப்பது இன்னொரு நல்ல மாற்றம். அன்று சலூனில் சவரம் முடிந்ததும் ஈரப் படிகாரத்தைக் கன்னத்தில் தேய்த்து, பவுடர் அடித்து அனுப்புவார்கள். வெட்டுக்காயத்தை அடைப்பதற்கு அது சரி. கத்தி சுரண்டிய தோலை மேலும் காயவைக்கும். இன்று இளைஞர்கள் சவரத்துக்குப் பின் லோஷன் பூசிக்கொள்வதை வீட்டில் யாரும் கேலி செய்வது குறைந்திருக்கிறது. கட்டட வேலைக்கும் டெலிவரி வேலைக்கும் போகும் பையன்களிடம் இது இன்னும் போய்ச் சேரவில்லை. வெயிலும் தூசியும் முழுக்க அவர்கள் முகத்தில்தான்.

வீட்டில் இந்த மாற்றம் எட்டாத இன்னொருவர் இருக்கிறார். விளம்பரங்களில் இருபது வயது முகங்கள் மட்டுமே வருவதால் அவரை நாம் மறந்துவிடுகிறோம். எழுபது வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஓய்ந்துபோகும், தோல் தன் ஈரத்தைப் பிடிக்கும் திறனை இழக்கும், சர்க்கரை நோய் இருந்தால் வறட்சி கூடும். முகம் மட்டுமில்லை, கணுக்காலிலும் முதுகிலும் அரிப்பெடுத்து இரவெல்லாம் தூக்கம் கெட்டு, காலையில் "வயசானா இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார் பாட்டி. அவருக்கு லோஷன் அழகுப் பொருளல்ல. குளித்த ஈரத்தோடு முகம், கை, கால் எங்கும் பூசிவிட்டால் சில நாளில் அரிப்பு அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்; சிறுநீரகம், தைராய்டு, கல்லீரல் கோளாறுகளும் அரிப்பாகத் தலைகாட்டும். அவருக்கு வாங்கும்போது வாசனையில்லாததாக, கெட்டியானதாக, பம்ப் வைத்த புட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மூட்டு வலிக்கும் விரல்களால் திருகு மூடியைத் திறக்க முடியாது. திறக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட அவருக்குத் தயக்கமாக இருக்கும்.